கண் மஞ்சளாகும் முன்பே

செப்டெம்பர் 12ஆம் திகதி காலை, தரம் 7 மாணவன் ஒருவனின் கண் மஞ்சளாக இருப்பதை வகுப்பாசிரியை கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நாளாகச் சாப்பாட்டில் மனமில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது, இடையில் காய்ச்சலும் காய்ந்தது என்கிறான். வீட்டில் 'செங்கமாரி' (மஞ்சள் காமாலை) என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதிபர் அவனை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, மற்றப் பிள்ளைகளின் கண்களையும் பார்க்கச் சொல்கிறார். ஒருவருக்கும் மஞ்சள் இல்லை. எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியை நம்ப முடியாது. சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுத்து மேசையில் வையுங்கள்.

இப்படிச் செங்கமாரியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரசு வயிற்றுக்குள் போன நாளிலிருந்து நோய் வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை ஆகும். சராசரி 28 நாள். செப்டெம்பர் 12இலிருந்து 28 நாள் பின்னுக்குப் போனால் ஓகஸ்ட் 15: மன்னார் மாவட்டத்தின் மடு மாதா திருவிழா. நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் வந்து, காட்டு மரங்களின் கீழ் கூடாரமடித்து, தற்காலிக மலசலகூடங்களையும் பவுசர் தண்ணீரையும் பங்கிட்டுக்கொள்ளும் நாள்கள். (திருவிழாவைக் குற்றம் சொல்ல எடுத்த உதாரணமல்ல இது; கணக்குத் தெளிவாக விழுகிறது என்பதற்காக எடுத்தது. அந்த இடத்தில் ஒரு கலியாண வீட்டையோ, விளையாட்டுப் போட்டி நாளையோ வைத்தும் எண்ணலாம்.)

இனி அதே 12ஆம் திகதியிலிருந்து இரண்டு கிழமை பின்னுக்கு எண்ணுங்கள்: ஓகஸ்ட் 29. நோயாளியின் மலத்தில் வைரசு மிக அதிகமாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்திய இந்த இரண்டு கிழமையில்தான். மஞ்சள் தெரிந்த பிறகு அது வேகமாகக் குறைந்துவிடும். ஆக, நாம் அவனைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவன் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்து முடித்துவிட்டான். அவனிடமிருந்து தொற்றியவர்கள் இன்று நல்ல கண்ணோடு வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குச் செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்ரோபர் நடுப்பகுதிக்கும் இடையில் நோய் தெரியும். பிந்தியவர்களுக்கு நவம்பர் 1 வரையும் இழுக்கலாம். மன்னாரில் அது மழை தொடங்கும் காலம். கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கும் காலம்.

இந்த நாட்காட்டி வேலையை எந்தப் பாடசாலையும் சுகாதாரக் கழகப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பாடவேளையில் செய்யலாம். "கண்ணைப் பார்த்து நோயைப் பிடிக்கலாம்" என்ற எண்ணம் அதோடு போய்விடும். மஞ்சள் கண்ணுக்காகக் காத்திருக்கிற பாடசாலை எப்போதும் ஒரு மாதம் பிந்தித்தான் ஓடும்.

பிள்ளைகளில் இன்னொரு சிக்கல். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்கு இந்த நோய் வந்ததே வெளியில் தெரியாது. முன்பள்ளிக்குப் போகும் தங்கச்சி ஒரு நாள் சத்தி எடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அவளைக் கழுவிவிட்ட அண்ணன்தான் மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு படுக்கையில் விழுவான். அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று கடைகளைத் தேடிக்கொண்டிருப்போம், அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்.

தீவின் தண்ணீர்

மன்னார்த் தீவு மணல். தலைமன்னாரிலிருந்து பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம் வரை எங்கு தோண்டினாலும் சில அடியில் தண்ணீர் வரும்; கடல் உப்புக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும் மழைத் தண்ணீர் அது. மலசலகூடக் குழியும் அதே மணலில்தான் தோண்டப்படுகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர், அதாவது ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (பி.எச்.ஐ.மார்) வழமையாகச் சொல்லும் அளவு. சிறிய வளவுகளில் பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்தால்தான் அந்த ஐம்பது அடிக்கு அர்த்தம் உண்டு. கோடையில் குழியின் அடி காய்ந்திருக்கும். கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் எழும்பி, குழியின் அடியும் கிணற்றுத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அதனால் புதிதாகக் கட்டும் பாடசாலை மலசலகூடத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மூடிய தொட்டியாகக் கட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மன்னார் நகரத்துக்கும் அயலுக்கும் முருங்கன் பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது. குழாய் வந்தாலும் பலர் கிணற்றை விடுவதில்லை, விடவும் தேவையில்லை. குடிக்கிற தண்ணீர் எது, கழுவுகிற தண்ணீர் எது என்ற பிரிவினை வீட்டில் தெளிவாக இருந்தால் போதும். கழுவும் தண்ணீர்தானே என்று நினைத்து அதில் பல் துலக்குவதும், பள்ளிவாசலில் வுழூ எடுக்கும் (தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும்) ஹவ்ளுத் தொட்டியில் பத்துப் பேர் கைவிட்ட தண்ணீரால் வாய் கொப்பளிப்பதும் குடிப்பதற்குச் சமம். வுழூவுக்குக் குழாய் வைத்த பள்ளிவாசல்கள் இந்த விடயத்தில் ஒரு படி முன்னால் நிற்கின்றன.

ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீர் நல்லதுதான். ஆனால் அதைக் கானில் கொண்டுவந்து, வாயகன்ற பானையில் ஊற்றி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோப்பையை விரலோடு அமிழ்த்தி அள்ளினால், இயந்திரத்துக்குக் கொடுத்த காசு வீண். அடியில் குழாய் பூட்டிய மூடிய பாத்திரம் ஒன்று வகுப்புக்கு வேண்டும்.

வெள்ளம் இறங்கிய கிணற்றுக்குக் குளோரின் போடுவதைப் பலர் கைப்பிடிக் கணக்கில் செய்கிறார்கள். கணக்கு கடினமல்ல. கிணற்றின் குறுக்களவை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785ஆலும் தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். வருவது கன மீற்றர். குறுக்கே 2 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறக்குறைய 6.3 கன மீற்றர், அதாவது 6,300 லீற்றர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல வெளிற்றும் தூள் போதும். இந்தக் கிணற்றுக்கு 16 கிராம் அளவில் வரும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் இரவில் கிணற்றுக்குள் விட்டுக் கலக்கி, காலையில் எடுக்கலாம். கலங்கிய வெள்ளத் தண்ணீருக்கு இந்த அளவு காணாது. அதற்கு முதலில் இறைத்து, பி.எச்.ஐ. சொல்லும் கூடிய அளவைப் போட வேண்டும். பழைய பையில் திறந்து கிடந்த தூள் வேலை செய்யாது, அதில் குளோரின் எப்போதோ பறந்திருக்கும். ஐயமிருந்தால் கொதிக்க வையுங்கள். நன்றாகக் கொதித்துக் குமிழியிட்ட தண்ணீரில் இந்த வைரசு தப்பாது.

குளிருக்கு மட்டும் அது அஞ்சாது. மீன் பெட்டிகளுக்கு உடைக்கும் ஐஸ், குடிப்பதற்காக உறைய வைத்த தண்ணீர் அல்ல. துறைமுக ஊர்களில் அது மலிவாகக் கிடைப்பதால் சர்பத் வாளிக்குள்ளும் போய் விழுகிறது. ஐஸ்பழத்துக்கும் இதே கேள்விதான்: உறைய வைத்தது எந்தத் தண்ணீர்? மீன், நண்டு, கணவாய் எல்லாம் நாம் நன்றாக அவித்துச் சாப்பிடுகிற ஆட்கள். அந்தப் பழக்கம் நம்மைக் காக்கிறது. அரைவேக்காட்டில் மட்டி தின்னும் பழக்கத்தால் சீனாவின் ஷங்ஹாய் நகரில் 1988இன் தொடக்க மாதங்களில் ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. கழிவுநீர் கலந்த கடலில் மட்டி வைரசைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கும்.

சவர்த் தண்ணீரும் சவர்க்காரமும்

கை கழுவச் சொல்லாத பாடசாலை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஏன் சவர்க்காரத்தைத் தொடுவதில்லை என்று மலசலகூட வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் புரியும். குழாய் தூரத்தில் இருக்கும். சவர்க்காரக் கட்டி கரைந்து, மணல் ஒட்டி, அருவருப்பாகக் கிடக்கும், அல்லது காணாமற் போயிருக்கும். தண்ணீர் சவராக இருந்தால் நுரையே வராது. நுரை வராவிட்டால் பிள்ளைக்கு அது கழுவியதாகப் படாது.

இதற்கு மலிவான வழி இருக்கிறது. ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, 30 கிராம் அளவில் சலவைத் தூளைப் போட்டுக் குலுக்கி, மூடியில் சிறு துளையிட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். சலவைத் தூள் சவர்த் தண்ணீரிலும் நுரைக்கும். களவு போகாது, மண் ஒட்டாது. குழாயே இல்லாத மூலைக்கு, 5 லீற்றர் கானில் கழுத்துக்குக் கீழே துளையிட்டு ஒரு தடியில் தொங்கவிட்டு, கானின் வாயில் கட்டிய கயிற்றின் மறுநுனியை நிலத்தில் கிடக்கும் இன்னொரு தடியில் கட்டலாம். பிள்ளை காலால் அந்தத் தடியை மிதித்தால் கான் சரிந்து தண்ணீர் வரும். கை எதையும் தொடுவதில்லை. அதுதான் இதன் சிறப்பு. மலசலகூட வாளிக் கோப்பையின் பிடி, கதவுக் கொண்டி, குழாயின் திருகு ஆகிய மூன்றையும்தான் கழுவாத கை முதலில் தொடுகிறது. இந்த வைரசு அப்படிப்பட்ட காய்ந்த இடங்களில் கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய கைச்சுத்திகரிப்புப் போத்தலை இதற்கு நம்ப வேண்டாம். கொரோனா வைரசுக்குக் கொழுப்புறை உண்டு, மதுசாரம் அதைக் கரைக்கும். ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கு அந்த உறையே கிடையாது. தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவித்தான் அதைக் கையிலிருந்து இறக்க முடியும்.

பாடமாகச் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். நாலு பிள்ளைகளின் கையில் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தேயுங்கள். இருவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், இருவர் சவர்க்கார நீரால் இருபது விநாடி தேய்த்துக் கழுவட்டும். பிறகு நால்வரும் வெள்ளைத் தாளில் கையைத் துடைக்கட்டும். நகத்தடியிலும் பெருவிரல் மடிப்பிலும் மஞ்சள் நிற்பதைப் பார்த்த பிள்ளை அன்று மாலையே வீட்டில் எல்லாருடைய நகத்தையும் பரிசோதிக்கும். வைரசு கண்ணுக்குத் தெரியாது என்று அரை மணித்தியாலம் விளக்குவதில் இந்தப் பலன் வராது.

கன்ரீனிலும் பகல் உணவிலும் கவனிக்க வேண்டியது சமைப்பவரைவிடப் பரிமாறுபவரின் கை. சோறு கொதித்துத்தான் வருகிறது. அதன்பிறகு வெறுங்கையால் தொடப்படும் சம்பல், வெட்டிய பழம், பாண் ஆகியவைதான் வழி. சமைத்துக் கொண்டுவரும் அம்மாமாரில் ஒருவருக்குச் சத்தியோ காய்ச்சலோ என்றால், அல்லது வீட்டில் ஒருவருக்குச் செங்கமாரி என்றால், அவருடைய முறையை வேறொருவர் எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்றையக் கூலி போய்விடும் என்ற பயமிருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூலி போகாது என்று அதிபரே சொல்ல வேண்டும். படலைக்கு வெளியே மாங்காய் அச்சாறு விற்கிற அம்மாவைத் துரத்துவதில் பயனில்லை, அடுத்த சந்தியில் நிற்பார். அவருக்கு ஒரு கரண்டியும் கழுவத் தண்ணீரும் கொடுத்தால் அது வேலை செய்யும்.

தடுப்பூசி

"எங்கட பிள்ளைக்கு ஹெபடைடிஸ் ஊசி போட்டாச்சு, கொப்பியில இருக்கு" என்று பெற்றோர் சொல்வார்கள். கிளினிக் கொப்பியில் இருப்பது ஹெபடைடிஸ் பி. இலங்கையில் 2008இலிருந்து குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் கொடுக்கும் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசிக்குள் அது அடங்கும். அது இரத்தத்தால் பரவும் வேறு வைரசு. ஹெபடைடிஸ் ஏ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

அப்படியானால் போட வேண்டுமா? இங்கே ஒரு முரண் இருக்கிறது. தண்ணீர் மிக மோசமாக இருக்கும் ஊரில் அநேகமாக எல்லாருக்கும் சிறு வயதிலேயே சத்தமில்லாமல் தொற்றி, ஆயுள் முழுவதற்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். குழாய்த் தண்ணீரும் ஒழுங்கான மலசலகூடமும் வரும்போது பிள்ளைகள் அந்தத் தொற்றிலிருந்து தப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் தப்பிய பிள்ளை பதினைந்திலோ முப்பதிலோ அதே வைரசைச் சந்தித்தால், அப்போது அது பிள்ளை நோயாக இருக்காது. வயது கூடக் கூட மஞ்சளும் கூடும், ஈரல் செயலிழக்கும் ஆபத்தும் கூடும். கேரளத்தில் 2024இல் நடந்தது இதுதான்: எர்ணாகுளம் மாவட்டத்தின் வேங்ஙூரில் குழாய் நீர் வழியாக 200க்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. சுகாதாரத்தில் முன்னணி என்று பெயரெடுத்த மாநிலம் அது. நமக்கு இன்னும் பக்கத்தில், 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் ஹெபடைடிஸ் ஏ பரவியது. மாந்தை மேற்கிலிருந்து வன்னிக்குள் இடம்பெயர்ந்து போன மன்னார்க் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. அந்த முகாம் வரிசைகளில் நின்ற பிள்ளைகள்தான் இன்று பெற்றோராகப் பாடசாலை வாசலில் நிற்கிறார்கள். அவர்களிடம் இந்த நோயைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஊசியின் திறமையில் எனக்கு ஐயமில்லை. இஸ்ரேல் 1999இல் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கிய பின் அங்கே நோய் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆர்ஜென்ரீனா 2005இல் ஒரு வயதில் ஒரே ஒரு ஊசி என்று முடிவெடுத்தது; பிள்ளைகளுக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை வரை கொண்டுபோன ஹெபடைடிஸ் ஏ அங்கே ஏறத்தாழ மறைந்தே போனது. வழமையான முறை இரண்டு ஊசி: ஒரு வயதுக்குப் பிறகு முதலாவது, ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து இரண்டாவது. கை நோவும், சிலருக்கு ஒரு நாள் காய்ச்சலும் வரலாம். ஏற்கெனவே நோய் வந்துபோன பிள்ளைக்குத் தெரியாமல் போட்டாலும் கெடுதல் இல்லை.

காசு எல்லாரிடமும் இல்லை. அதனால் யாருக்கு முதலில் என்று கேட்டால் என் வரிசை இது: ஈரல் நோய் உள்ள பிள்ளைகள், பிறகு விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், பிறகு நோய் வந்த வீட்டின் சகோதரர்கள். பாடசாலைச் சமையல்காரரையும் மலசலகூடம் துப்புரவு செய்பவரையும் பிள்ளைகள் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பழைய மாணவர் சங்கம் ஒரு தொகை அனுப்புகிறோம், எல்லாருக்கும் ஊசி போடுங்கள் என்று கேட்டால், மலசலகூடத்தில் தண்ணீர் வராத பாடசாலை அந்தக் காசை முதலில் தொட்டிக்கும் குழாய்க்கும் கேட்க வேண்டும். ஊசி ஒரு வைரசைத்தான் தடுக்கும். நெருப்புக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் அதே கோப்பைப் பிடியில்தான் காத்திருக்கின்றன. தண்ணீர் ஒழுங்காக இருக்கும் பாடசாலை தயங்காமல் ஊசியைக் கேட்கலாம். எதுவானாலும் சுகாதார வைத்திய அதிகாரிக்கு (எம்.ஓ.எச்.) தெரியாமல் தடுப்பூசி முகாம் நடத்தக்கூடாது. ஊசிமருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டியது. மன்னார் வெயிலில் மருந்துக்கடையில் வாங்கிப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் அது மருந்தாக வந்து சேராது. வீட்டு ஃபிறிட்ஜில் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். எங்கு குளிரில் இருக்கிறதோ, அங்கேயே பிள்ளையைக் கூட்டிப்போய்ப் போடுங்கள்.

ஒருவருக்கு வந்துவிட்டால்

கண்ணுக்கு முன் சிறுநீர் சொல்லிவிடும். வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால், கூடவே சத்தியும் சோர்வும் இருந்தால், அன்றே வைத்தியசாலை. இரத்தப் பரிசோதனையில் இது ஹெபடைடிஸ் ஏயா வேறொன்றா என்று தெரிந்துவிடும். வைரசால் வரும் ஈரல் அழற்சி இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியர் 544ஆம் இலக்கப் படிவத்தை நிரப்ப, அது எம்.ஓ.எச். அலுவலகம் வழியாகப் பி.எச்.ஐ.யின் கைக்கு வரும், அவர் வீட்டுக்கு வருவார். ஆனால் பிள்ளையை நாட்டு வைத்தியரிடம் மட்டும் காட்டிவிட்டு வீட்டில் வைத்திருந்தால் படிவமும் இல்லை, பி.எச்.ஐ.யும் இல்லை. அப்படித் தெரியவந்தால் வகுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும், அது காட்டிக்கொடுப்பதாகாது. வரவுப் பதிவேட்டில் வெறுமனே 'சுகமில்லை' என்று எழுதாமல் 'சத்தி', 'காய்ச்சல்' என்று பிரித்து எழுதும் பழக்கம் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

கீழ்காய்நெல்லி கொடுக்கும் வீட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். அரைத்துக் கலக்கும் தண்ணீர் கொதித்தாறியதா என்று மட்டும் கேளுங்கள். இந்த நோய்க்கு மருந்தென்று தனியாக ஒன்றுமில்லை. பெரும்பாலான பிள்ளைகளில் ஈரல் சில கிழமைகளில் தானே தேறிவிடும். மீன் கூடாது, எண்ணெய் கூடாது என்று பட்டினி போடுவதைவிட, பிள்ளை கேட்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. பனடோலை வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது, அது ஈரலில் உடைபடும் மருந்து. பிள்ளை தூங்கி வழிந்தாலோ, பிதற்றினாலோ, முரசிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, எதுவும் வயிற்றில் தங்காவிட்டாலோ, இரவென்றும் பாராமல் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மஞ்சள் தெரிந்த நாளிலிருந்து ஒரு கிழமை பாடசாலைக்கு வர வேண்டாம். அதன்பின், கண்ணில் மஞ்சள் கொஞ்சம் மிச்சமிருந்தாலும், உடம்பு தேறியிருந்தால் வரலாம். தனி மேசை, தனிக் கதிரை என்று ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

இனி அந்தச் செப்டெம்பர் 12க்கான அவசர வேலை. தொற்றுக்கு ஆளாகி இரண்டு கிழமைக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்க முடியும். பையனிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றத் தொடங்கியது ஓகஸ்ட் 29; அன்றே அவனோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட தம்பிக்கு இன்று பதினான்காம் நாள். நாளைக்குப் போகலாம் என்றால் அந்த நாளின் தொற்றுக்குக் காலம் முடிந்துவிடும், பிந்திய நாள்களின் தொற்றுக்கு மட்டும்தான் ஊசி உதவும். ஆகவே பி.எச்.ஐ.க்கு அழைக்கும் அதே காலையில் வீட்டாரையும் அழைத்து, ஒரே வீட்டில் இருக்கும் சகோதரரையும் கிட்டிய கூட்டாளிகளையும் பற்றி எம்.ஓ.எச்.சிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிள்ளையின் கிளினிக் கொப்பியில் திகதியையும் மருந்தின் தொகுதி இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது ஊசிக்கான மாதத்தைப் பெற்றோரின் தொலைபேசியில் அங்கேயே பதிந்துவிடுங்கள். இரண்டாவதுக்குக் காசு சேருமோ என்று முதலாவதைத் தள்ளிப்போட வேண்டாம். முதலாவதே சில வருடங்களுக்குக் காக்கும், பிந்திப் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.